ஹைட்ராவில் கட்டிய வாழை

லக்கெரே, பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முகேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே உங்கப்பா, தாரணி, அவள் பிள்ளை எல்லோருக்கும் உடம்பு சுகம். நீயும் அங்கே வெயிலில் வாடாமல் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். வாரத்தில் நாலு நாள் போனில் மூஞ்சியைப் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், இவளுக்கு என்ன வந்தது என்று நீ நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன் கண்ணு. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீ சுனிலைப் பற்றிக் கேட்டால் நான் உன் சட்டை அழுக்கைப் பற்றிப் பேசுகிறேன். தாரணியின் கொழுந்தன் சரவணன் செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், அவர் கையில் எலுமிச்சங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அதே பையில் இதுவும் வரும். ஊறுகாயைத் திறக்குமுன் இதைப் படித்துவிடு. படித்த பிறகு அம்மா கை ஊறுகாய் உனக்கு இறங்குமோ இறங்காதோ, அது உன் இஷ்டம்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுத எனக்குக் கை ஓடாது. உங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிற ஆட்டோவையெல்லாம் முறைக்கிறார், பார்க்கிறவர்கள் பெரிய ரவுடி என்று நினைப்பார்கள். ஆனால் சொட்டு மருந்து விடப் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விட்டாச்சா விட்டாச்சா என்று சின்னப் பிள்ளையாட்டம் கேட்கிறார். தாரணியின் குட்டிக்குப் பல் வந்துவிட்டது, அத்திபெலேயில் மாமியார் வீட்டிலிருந்து தாரணி தூக்கிக்கொண்டு வந்தாளென்றால் என் வளையலைக் கடிப்பதுதான் வேலை. குழாய்த் தண்ணீர் நினைத்தால் வருகிறது, நினைத்தால் நின்றுவிடுகிறது. நீ அனுப்பின மிக்ஸி நன்றாக ஓடுகிறது, சத்தம்தான் தெருவைக் கூட்டுகிறது. அவ்வளவுதான் நல்ல சேதி.

இப்போது உன் வேலைக்கு வந்த சுனில் விஷயம். அவனுக்கு அடிபட்டது என்று நீ கேட்டபோது நான் உனக்கு என்ன சொன்னேன்? டிரான்ஸ்பார்மரைத் தூக்கும்போது நிற்கக் கூடாத இடத்தில் போய் நின்றுவிட்டான், தூக்கக் கலக்கம் போலிருக்கிறது, டிரைவர் இளங்கோவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். அது பொய். உன்னிடம் சொன்னேன், ஆபீசரிடம் சொன்னேன், உங்கப்பாவிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிடும் என்று பார்த்தேன். ஆகவில்லை. அன்றைக்கு நடந்ததை உனக்கு முதலிலிருந்து எழுதுகிறேன், நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிவிட்டு மேலே படி.

நம் யார்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே அந்த ஹைட்ரா கிரேன் முன்னால் வருஷக்கணக்கில் சிக்னல் காட்டினவன். மற்ற நாளெல்லாம் பெருக்கி, டீ போட்டு, தொழிலாளிகளின் எச்சில் கிளாஸ் கழுவுகிறவள் நான். அந்த ஒரு நாள் மட்டும் யார்டு என் கையில். கரண்ட் கம்பம் நடுகிற கடப்பாரையிலிருந்து கயிறு வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஹைட்ராவைக் கழுவித் துடைத்து மாலை போட்டு, ஓனர் வெங்கடசாமி சாரே என்னைக் கேட்டுவிட்டுத்தான் பூசணிக்காய் உடைப்பார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்ச நஞ்சமா? போன வருஷம் பக்கத்து யார்டு அல்போன்சா வேடிக்கை பார்க்க வந்தவள், 'என்ன அம்புஜம், இவ்ளோ பெரிய வண்டிக்குக் கீரைத்தண்டு கட்டி வெச்சிருக்க' என்று நாலு பேர் நடுவில் சிரித்துவிட்டுப் போனாள். அது என் மனசில் முள்ளாகவே இருந்தது. இந்த வருஷம் விடிவதற்கு முன்பே யஷ்வந்தபுரம் மார்க்கெட்டுக்குப் போய், குலை தள்ளப் போகிற மாதிரி ஆளுயரத்துக்கு மேல் இரண்டு வாழை வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன். வண்டிக்கு முன்னால் இரண்டு பக்கமும் கட்டினேன். இலை விரிந்து நின்ற அழகைப் பார்த்து அல்போன்சா வாயே திறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குப் பாயில் படுத்தும் சிரிப்பு அடங்கவில்லை.

கட்டின வாழையை மறுநாள் மறுபூஜை ஆன பிறகுதான் அவிழ்க்க வேண்டும், அதுவரை வண்டி நகரக் கூடாது, அது நம் வழக்கம். ஆனால் ராத்திரி மழையில் பக்கத்து லேஅவுட்டில் ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. விடிந்ததும் ஓனர் போன் போட்டு, ஹைட்ரா உடனே வரணும், ஏரியா பூராவும் கரண்ட் இல்லை, கத்துகிறார்கள் என்றார். பூசாரி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் ஓனரே சொன்ன பிறகு வண்டி போகட்டும் என்று விட்டேன். சுனில் வந்தான், நீ விட்டுவிட்டுப் போன அந்த ஆரஞ்சு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, நீ கொடுத்த விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் என்னிடம் டீ கேட்டான். இளங்கோவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அரிவாளோடு கீழே இறங்கினான். 'அம்புஜம்மா, ரைட் சைடு வாழைய மட்டும் அறுத்துடறேன், சுனில் அங்கதான் நிப்பான், எல அடிக்குது, ஒண்ணும் தெரியல' என்றான். அப்படியே சொன்னான் முகேஷ். நான் காது கேட்காதவள் இல்லை.

நான் அவன் கையைப் பிடித்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டேன். 'மறுபூஜ ஆகாம என் கண்ணு முன்னாடி வாழைய அறுப்பியா? ஒத்த வாழையோட வண்டி தெருவுல போனா பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க? சாமி பாத்துக்கும், பேசாம போ' என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் அம்மா செத்ததிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை, உனக்குத் தெரியும். சுனில் சிரித்துக்கொண்டே, 'அம்மா சொன்னா சொன்னதுதாண்ணா, ஏறுங்க' என்றான். அதோடு விட்டேனா? காற்றில் சாயக் கூடாது என்று இன்னொரு கயிறு எடுத்து வந்து அந்த வலப்பக்கத்து வாழையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். சாமி என்னிடம் பெரிய வாழை கேட்டதா? சாமி கேட்கவில்லை. அல்போன்சா வாயை அடைக்க நான் கட்டினேன், சாமி பேரைச் சொல்லிக் காப்பாற்றினேன்.

அங்கே என்ன நடந்தது என்பதை மத்தியானம் இளங்கோவன் யார்டில் குழாயடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். சுனில் நீ பழக்கின இடத்திலேயே நின்றிருக்கிறான், வண்டிக்கு வலப்பக்கம் முன்னால், டிரைவர் கண்ணுக்கு நேராக. புது டிரான்ஸ்பார்மர் கொக்கியில் தொங்குகிறது. சேற்றில் சக்கரம் லேசாக வழுக்க, சுனில் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கிறான், விசிலும் அடித்திருக்கிறான். பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் சத்தத்தில் விசில் கேட்கவில்லை. கை இலைக்குப் பின்னால் போய்விட்டது. சிக்னல் இல்லை, எல்லாம் சரிதான் என்று இவன் வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் எடுத்திருக்கிறான். தொங்கின டிரான்ஸ்பார்மர் ஒரு ஆட்டம் ஆடி சுனிலைக் கம்பத்தோடு வைத்து நசுக்கிவிட்டது. தலை கம்பத்தில் மோதியது, உன் ஹெல்மெட்தான் மண்டையைக் காப்பாற்றியது. கால் போய்விட்டது. வலது கால், முட்டிக்குக் கீழே. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

சேதி வந்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நல்லவேளை, என் பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறான் என்று தோன்றியது. நீ நின்ற இடம்தானே அது. நீ போகும்போது உன் வேலையை வாங்கிக்கொடுத்த பையன்தானே அவன். அவன் கால் போன நேரத்தில் நான் வயிற்றில் கை வைத்து அப்பாடா என்று மூச்சு விட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா? அடுத்த நிமிஷமே அழுதேன், வாஸ்தவம், ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை.

ஹைட்ரா யார்டுக்குத் திரும்பி வந்தது, வாழை கட்டினது கட்டினபடி. இலை ஒன்றுகூடக் கிழியவில்லை. ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அம்மா, ஆபீசர் வர்றதுக்குள்ள வண்டிய கிளீன் மாடி வெச்சிடுங்க. பூஜ கீஜ எதுவும் கண்ல படக் கூடாது. சும்னே தொந்தரவு' என்று கன்னடம் கலந்து சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இளங்கோவனிடமிருந்து பிடுங்கி வைத்த அதே அரிவாளை எடுத்தேன். மறுபூஜை ஆகவில்லை, பூசாரி வரவில்லை, கற்பூரம் காட்டவில்லை. இரண்டு வாழையையும் நானே வெட்டினேன், இறுக்கிக் கட்டின கயிற்றை நானே அறுத்தேன். இழுத்துக்கொண்டு போய் பின்வாசலில் பால்காரர் மாட்டுக்குப் போட்டேன், அது தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் சாமிக்காக அறுக்கக் கூடாது என்றவள், சாயங்காலம் எனக்காக அறுத்தேன்.

மறுநாள் விசாரிக்க வந்த லேபர் ஆபீசர் சின்ன வயசுப் பையன், மரியாதையாகத்தான் கேட்டான். வண்டி முன்னால் ஏதாவது கட்டியிருந்ததா அம்மா என்று கன்னடத்தில் கேட்டான். எல்லாம் பூஜை அன்றைக்கே எடுத்தாச்சு சார் என்று நானும் கன்னடத்திலேயே பளிச்சென்று சொன்னேன், நாக்கு தடுமாறக்கூட இல்லை. அன்றைக்கு அங்கே கம்பத்தில் வேலை செய்த லைன்காரர்கள் ஓனர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். இளங்கோவன் என் முகத்தைப் பார்த்தான். அம்புஜம்மாதான் அறுக்க விடவில்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. லைசென்ஸ் போய்விடும் என்கிற பயமும் அவனுக்கு இருந்தது, என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. ஆக டிரைவர் கண்ணுக்கு எந்த மறைப்பும் இல்லை, சிக்னல் காட்டினவன்தான் இடம் மாறி நின்றுவிட்டான் என்று முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி செலவோடு கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும், அவன் தப்புக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று ஓனர் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், சுனிலுக்கு அன்றைக்குக் காலை நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லை. வீட்டில் சட்டை மாட்டினது வரைக்கும்தான் தெரிகிறது, அப்புறம் ஆஸ்பத்திரி விட்டத்தைப் பார்த்தது. என்னிடம் டீ வாங்கிக் குடித்ததுகூட அவனுக்குத் தெரியாது. தலையில் அடிபட்டால் அப்படித்தான், திரும்பி வரலாம் வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது முகேஷ். அந்த நிம்மதியோடு தினம் சாம்பார், ரசம், கஞ்சி என்று தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று அவன் பெண்டாட்டி வீணா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவில் எனக்கு நல்ல பேர். நான் அந்தப் பேரை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம் நீ அவனுக்குப் போன் பண்ணினாய். நான் உனக்குச் சொன்ன பொய்யை நம்பி அவனைத் திட்டினாய். உன்மேல் குற்றம் இல்லை, பாசத்தில் திட்டினாய், எனக்குத் தெரியும். தீபாவளி கழிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நான் பார்க்கப் போனேன். கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான், கட்டுப் போட்ட காலை ஒரு தலையணைமேல் நீட்டியிருந்தான். 'முகேஷ் பேசினான்மா, நல்லா குடுத்தான் எனக்கு' என்று சிரித்தான். 'ஒனக்கு நான் சொல்லிக்குடுத்தது இதுதானாடா, எங்க நிக்கணும்னு கூடவா தெரியாதுன்னு கேட்டான். கரெக்டாதான் கேட்டான்' என்றான். முகத்தில் கோபம் இல்லை, தலை குனிந்திருந்தது. அவன் எதற்குக் குனிய வேண்டும்?

அவனுக்கு முன்னால் தரையில் ஒரு தீப்பெட்டி, நிற்க வைத்த ஒரு பேட்டரி, ஒரு விக்ஸ் டப்பா, ஒரு சட்டைப் பட்டன். தினம் இதுதாம்மா வேலை, சொன்னால் கேட்கிறதில்லை என்றாள் வீணா, முறத்தில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே. தீப்பெட்டி ஹைட்ராவாம், பேட்டரி கம்பமாம், விக்ஸ் டப்பா டிரான்ஸ்பார்மராம், பட்டன் அவனாம். பட்டனை அங்கே வைக்கிறான், இங்கே வைக்கிறான், தலையை ஆட்டுகிறான், மறுபடி எடுக்கிறான். 'நான் எப்பவும் நிக்கற எடத்துல நின்னிருந்தா இளங்கோவண்ணன் என்னைப் பாத்திருப்பாரும்மா. பாக்கலன்னா நான் அங்க இல்ல. அப்ப எங்க போய் நின்னேன்? ஏன் போனேன்? நான் அப்படிப் போறவன் இல்லியே' என்றான். திரும்ப பட்டனை எடுத்தான். நீங்கள் யார்டில் இருந்தீர்களே, காலையில் நான் ஒரு மாதிரியாக இருந்தேனா, குடித்திருந்தேனா, சொல்லுங்கள் என்று என்னையே கேட்டான். அவன் குடிக்க மாட்டான் என்று ஊருக்கே தெரியும். தன்மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. வாயைத் திறந்தால் மறுபடி எதையாவது மழுப்பியிருப்பேன். முறத்திலிருந்து ஒரு கொத்தமல்லித் தண்டை இலையோடு எடுத்தேன். தீப்பெட்டியைக் கொஞ்சம் திறந்து, அந்தச் சந்தில், வலப்பக்கமாக அதைச் செருகி நிற்க வைத்தேன். பட்டனை எடுத்து அவன் எப்போதும் நிற்கிற இடத்தில் வைத்தேன். சுனில் என்னைப் பார்த்தான், தண்டைப் பார்த்தான். பிறகு காலை மெதுவாக இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, தீப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். 'பட்டன் தெரியலம்மா' என்றான்.

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாழையைக் கட்டினது, இளங்கோவன் அரிவாளோடு இறங்கினது, நான் கையைப் பிடித்தது, மாட்டுக்குப் போட்டது, ஆபீசரிடம் சொன்னது, உன்னிடம் சொன்னது எல்லாம். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், கையில் கிடைத்ததை எடுத்து எறிவான் என்று நினைத்தேன். அவன் எழுந்து உட்கார்ந்து வீணாவைப் பார்த்து, 'கேட்டியா வீணா, நான் சரியான எடத்துலதான் நின்னேன். நான் சரியான எடத்துலதாண்டி நின்னேன்' என்றான். அதையே சொல்லிச் சொல்லி அழுதான், நடுவில் சிரித்தான். கால் போனவன் இதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறானே என்று எனக்கு உயிரே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தை ஆயுத பூஜையிலிருந்து இத்தனை நாளும் நான்தானே முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

வீணா அழவில்லை. எழுந்து உள்ளே போய் நான் கொண்டுபோன தூக்கை எடுத்து வந்து, மூடிகூடத் திறக்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்தாள். 'எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இத்தன நாளு சோறு குடுத்தீங்களே. கெளம்புங்க' என்றாள். அம்மாவை விடுடி என்று சுனில் சொன்னான், அவள் விடவில்லை. அவள் செய்ததுதான் சரி. தூக்கோடு வீட்டுக்கு வந்தேன், அந்தச் சாம்பாரை எங்களாலும் சாப்பிட முடியவில்லை, கொட்டிவிட்டேன்.

உங்கப்பாவிடம் சொன்னதும் அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, இந்த மனுஷனுக்கு இப்போதும் டிவியா என்று. பிறகு பார்த்தால் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிகிறது, நான் கேட்கக் கூடாது என்றுதான் சத்தத்தைக் கூட்டியிருக்கிறார். மறுநாள் காலையில் தானாகவே, 'லேபர் ஆபீசுக்கு என்னிக்குப் போகணும், நானும் வரேன், நீ தனியா பஸ் ஏறாத' என்றார். வருகிற புதன்கிழமை போகிறோம். வீணா எழுதிக் கொடுத்து மறுபடி விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இளங்கோவனிடம் நான் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். ஹைட்ரா படியில் உட்கார்ந்து காலால் மண்ணைக் கீறிக்கொண்டே, 'சொல்லுங்கம்மா, நானும் ஆமான்னு சொல்லிடறேன். கண்ண மூடினா எலதான் தெரியுது' என்றான். ஓனருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பேசுங்கள் அம்மா, வயசான காலத்தில் வேலை முக்கியம் என்றார். யோசித்துத்தான் பேசப் போகிறேன் என்றேன். டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன், இனிமேல் அந்த யார்டுக்குள் என்னை விடுவார்களோ மாட்டார்களோ. பயமாகத்தான் இருக்கிறது முகேஷ், உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆபீசர் அன்றைக்கு எழுதிக்கொண்டதைப் பார்த்து, ஏன் அம்மா அப்போது அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? வெட்கத்தில் சொன்னேன் சார் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு காரணம் எனக்கு இல்லை. அவன் என்னைத் திட்டட்டும், கேஸ் போடட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. சுனில் மன்னித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது, அவன் அன்றைக்கு இருந்த நிலையில் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே. முதலில் அவனுக்குப் போடு. நீ திட்டினதைத் திருப்பி எடுத்துக்கொள். நீ சொல்லிக்கொடுத்த இடத்திலேதான் அவன் நின்றான் என்று உன் வாயால் சொல்லு. நான் சொன்னதைவிட நீ சொன்னால்தான் அவனுக்கு நிம்மதி, அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் நீ. அவனோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, எனக்குப் பிறகு பேசலாம், நாலு நாள் கழித்துப் பேசினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதே, மோர் கிடைத்தால் குடி. உன் கையும் காலும் பத்திரமாக, யார் கையும் காலும் உன்னால் போகாமல், நீ நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் சுனில் பேரை முதலில் சொல்லிவிட்டுத்தான் உன் பேரைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒன்றை மறந்துவிடாதே. ஆயுத பூஜைக்கு நீ இப்போது அங்கே ஓட்டுகிற கிரேனைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதில் முன் கண்ணாடி பூராவும் மாலை போட்டு, சைடு கண்ணாடியில் எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டியிருந்தாய். நான் போனில் இரண்டு தரம் சொன்னதால்தான் கட்டினாய். நேற்று அந்தப் போட்டோவை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் உன் முகம் பாதிதான் தெரிகிறது. இன்னும் கட்டியிருக்கிறாய் என்றால் இதைக் கீழே வைத்துவிட்டு உடனே போய் அவிழ்த்துவிடு. நல்ல நேரம் பார்க்க வேண்டாம், மறுபூஜை வேண்டாம். அம்மா சொன்னாள் என்று அறுத்துப் போடு.

தலை நிமிர்ந்து எழுத முடியாத
உன் அம்மா,
அம்புஜம்